அத்தோ கடை: பர்மாத் தமிழர் கொண்டுவந்த நூடுல்ஸ் உணவகம்

அத்தோ என்பது வேகவைத்த கோதுமை நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த கடலை மாவு, பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள் முதலியவற்றைச் சேர்த்துக் கையால் பிசைந்து தரப்படும் உணவு. இதன் தாயகம் பர்மா (இன்றைய மியான்மர்). பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் இதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். பாரிமுனைக்கு அருகே கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் பெயர் பெற்ற இந்த உணவு, இன்று நகரின் பல பகுதிகளிலும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி போன்ற தென் புறநகர்களிலும் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் கிடைக்கிறது.

இந்தக் கடையில் சாப்பிடும் மாணவர்களில் பலர் இதைச் 'சைனீஸ்' என்றோ வெறுமனே 'நூடுல்ஸ்' என்றோ சொல்வதைக் கேட்கலாம். நூடுல்ஸின் மூலம் சீனா என்பது உண்மையே. ஆனால் அத்தோ சீனாவிலிருந்து நேராகச் சென்னைக்கு வரவில்லை. வீட்டையும் கடையையும் இழந்து கப்பலில் வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் வழியாகத்தான் வந்தது. ஆகவே அத்தோ கடையைப் பற்றித் தெரிந்துகொள்வது, நம் பாடப்புத்தகங்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்வதும் ஆகும்.

பெயர்க் காரணம்

பர்மிய மொழியில் 'அத்தொக்' என்பது கையால் கலந்து பிசைந்த உணவைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்தில் 'சாலட்' என்று சொல்வதற்கு ஏறக்குறைய ஈடானது. பர்மாவில் தேயிலைத் துளிரைப் புளிக்க வைத்துப் பிசைவார்கள், இஞ்சியைப் பிசைவார்கள், தக்காளியையும் பிசைவார்கள். இவை எல்லாமே அத்தொக் வகைகள்தாம். நூடுல்ஸைப் பிசைந்தால் அது 'கவ்சுவே தொக்'. சென்னையில் இந்த நீண்ட பெயர் சுருங்கி, சொல்லின் கடைசி மெய்யும் தேய்ந்து, 'அத்தோ' என்று நின்றுவிட்டது. அங்கே பல உணவுகளுக்குப் பொதுவான பெயர் இங்கே ஒரே உணவுக்கு உரியதாகிவிட்டது.

'கவ்சுவே' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. அதன் முதல் பகுதிக்கு 'மடி' என்றும் இரண்டாம் பகுதிக்கு 'இழு' என்றும் பொருள். மாவை மடித்து மடித்து இழுத்து நூலாக்கும் செயலே பெயராகிவிட்டது. தமிழில் 'இடியப்பம்' என்ற பெயரிலும் செய்முறையே ஒலிக்கிறது அல்லவா? அரிசி மாவை நூலாகப் பிழிந்து உண்பது நமக்குப் புதிதல்ல. இடியப்பம், சேவை, கொங்கு நாட்டுச் சந்தகை ஆகியவை எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவையே. பர்மாவுக்குப் போன தமிழர்களுக்கு நூடுல்ஸ் அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தமிழர் பர்மா சென்றது

1852இல் நடந்த இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1885இல் மேல் பர்மாவும் வீழ்ந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகப் பகுதியில் நெல் விளைவிக்கவும், அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்யவும் ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டார்கள். இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்களும், ஆந்திரக் கடற்கரையிலிருந்து தெலுங்கர்களும் கப்பலேறினார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் விவசாயக் கடன் கொடுக்கும் தொழிலில் முன்னணியில் நின்றார்கள். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களில் நாம் காணும் பர்மாத் தேக்கு அந்தக் காலத்தின் அடையாளம்.

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் சுமார் 10 லட்சம் இந்தியர் இருந்தனர். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களே. அன்றைய பர்மா, இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1937 ஏப்ரல் 1 அன்றுதான் அது தனியாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் போனவர்கள் வெளிநாட்டுக்குப் போவதாக நினைத்துப் போகவில்லை.

திரும்பி வந்தது

திரும்பி வந்த அலைகள் முக்கியமாக இரண்டு.

முதல் அலை, இரண்டாம் உலகப் போரின்போது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலரே. லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் மலைகள் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் வழியிலேயே பல்லாயிரம் பேர் இறந்தார்கள். 1952இல் வெளிவந்த 'பராசக்தி' திரைப்படத்தின் கதை, அந்தப் போரால் ரங்கூனுக்கும் மதுரைக்கும் இடையே சிதறிப்போன ஒரு குடும்பத்தைப் பற்றியது. அன்றைய பார்வையாளர்களில் பலருக்கு அது கண்முன் கண்ட செய்தி.

போர் முடிந்தபின் பலர் மீண்டும் பர்மாவுக்குப் போனார்கள். 1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் கடைகளும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. கடையும் போயிற்று, கையிலிருந்த பணமும் போயிற்று. 1960களில் சுமார் 3 லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். நகை, பணம் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. இவர்களில் பெரும் பகுதியினர் தமிழர். இதுவே இரண்டாம் அலை.

இப்படி வந்தவர்களுள் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தமிழ் பேசினார்கள், ஆனால் தமிழ்நாட்டில் அவர்களுக்கு வீடோ நிலமோ இல்லை. சிலர் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிவிட முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்ற சிற்றூரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் தமிழர் கோயிலும் இருக்கின்றன.

துறைமுகத்திலிருந்து தள்ளுவண்டிக்கு

அகதிகளாக வந்தவர்களுக்கு அரசு தற்காலிக முகாம்களையும் பின்னர் குடியிருப்புகளையும் தொழில் கடன்களையும் வழங்கியது. வடசென்னையில் வியாசர்பாடி, பர்மாத் தமிழரின் முக்கியக் குடியிருப்புகளில் ஒன்றாயிற்று. காரைக்குடியிலும், தென் சென்னைப் புறநகரான பெருங்குடியிலும் 'பர்மா காலனி' என்ற பெயரிலேயே பகுதிகள் உள்ளன. புறநகர்க் கடைவீதிகளில் 'ரெப்கோ' வங்கியின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். தாயகம் திரும்பியோர் கூட்டுறவு நிதி, வளர்ச்சி வங்கி என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அந்தப் பெயர். பர்மா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் சென்னையில் தொடங்கப்பட்டது அது.

அதே 1969இல், துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய சாலையோரத்தில் பர்மா பஜார் உருவாயிற்று. வெளிநாட்டுப் பொருள்கள் விற்கும் சிறு கடைகளின் வரிசை அது. கடைக்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் ரயில் பயணிகளும் கூடும் இடம் என்பதால், மாலையில் அங்கே பசியோடு நிற்பவர்கள் நிறைய. அந்தச் சாலைக்குப் பின்னால் உள்ள செகண்ட் லைன் பீச் பகுதியில் அத்தோ வண்டிகள் நிலைபெற்றன.

ஏன் உணவுக் கடை? இந்தக் கேள்விக்கு விடை எளியது. நிலம் வைத்துத்தான் விவசாயம் செய்ய முடியும். சரக்கு வைத்துத்தான் வணிகம் செய்ய முடியும். சமையல் பக்குவம் மட்டும் கையோடும் நாக்கோடும் வந்துவிடும். எல்லையில் எந்த அதிகாரியும் அதைப் பறிமுதல் செய்ய முடியாது. ஓர் அடுப்பு, இரண்டு பெரிய பாத்திரம், ஒரு வண்டி இருந்தால் போதும். வீட்டுப் பெண்கள் பகலில் நூடுல்ஸ் அவிப்பதும், வெங்காயம் வறுப்பதும், சூப் கொதிக்க வைப்பதும், ஆண்கள் மாலையில் வண்டியில் நின்று விற்பதும் என்று முழுக் குடும்பமும் உழைக்கக்கூடிய தொழில் இது.

பர்மா இந்தியர் போய்ச் சேர்ந்த மற்ற ஊர்களிலும் இதுவே நடந்தது. குஜராத்தின் சூரத்திலும் பாகிஸ்தானின் கராச்சியிலும் தேங்காய்ப்பால் நூடுல்ஸ் 'கவ்சா', 'கவ்சே' போன்ற பெயர்களில் உள்ளூர் உணவாகிவிட்டது. சென்னைக்கு வந்த கிளைதான் அத்தோ.

கடையில் கிடைப்பவை

அத்தோ கடை என்று பெயர் இருந்தாலும் அங்கே ஒரே உணவு மட்டும் விற்பதில்லை. பெரும்பாலான கடைகளில் காணப்படுபவை வருமாறு:

அத்தோ: பிசைந்த நூடுல்ஸ். சூடாக இருக்காது, வெதுவெதுப்பாகவோ ஆறியோ இருக்கும். நூடுல்ஸின் செம்மஞ்சள் நிறமே இதன் அடையாளம். சைவமாகவும், முட்டை அல்லது கோழி சேர்த்தும் தருவார்கள். சில கடைகளில் தோசைக்கல்லில் போட்டுப் புரட்டியும் கொடுக்கிறார்கள்.

மொய்ங்கா: பர்மாவின் புகழ்பெற்ற காலை உணவு. அங்கே மீன் சாற்றில் வாழைத்தண்டு, எலுமிச்சைப்புல், கடலை மாவு சேர்த்துக் கொதிக்க வைத்து, அரிசி நூடுல்ஸ்மேல் ஊற்றுவார்கள். சென்னையில் பல கடைகளில் மீன் இல்லாமல் வாழைத்தண்டுச் சாறாகவே செய்கிறார்கள். காலை உணவு இங்கே மாலை உணவாகிவிட்டது.

வாழைத்தண்டு சூப்: மொய்ங்காவின் சாறே தனியாக ஒரு கிண்ணத்தில் வந்தால் அது சூப். அத்தோவுடன் இது சேர்ந்தே வரும்.

கவ்சுவே: தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். காரம் குறைவு.

பேஜோ: மொறுமொறுப்பான தட்டை. பர்மிய மொழியில் 'பே' என்றால் பயறு அல்லது பருப்பு; 'ஜோ' என்று ஒலிக்கும் பகுதிக்கு 'பொரித்தது' என்று பொருள். நம் ஊர்த் தட்டையின் உறவினர் என்றே சொல்லலாம். இதை நொறுக்கி அத்தோவிலும் சூப்பிலும் போடுவார்கள்.

முட்டை மசாலா: அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், புளித்தண்ணீர் வைத்துத் தருவது. ஒரே வாயில் போட்டுக்கொள்வது வழக்கம்.

அத்தோ பிசையும் முறை

அத்தோவின் சுவை அடுப்பில் உருவாவதில்லை. பிசையும் கிண்ணத்தில்தான் உருவாகிறது. நூடுல்ஸை முன்கூட்டியே அவித்து, நீர் வடித்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் புரட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்டபின் ஒரு கைப்பிடி நூடுல்ஸ் கிண்ணத்தில் விழும். அதன்மேல் மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், கொத்தமல்லி ஆகியவை சேரும். பிறகு உப்பு, மிளகாய்த் தூள், வறுத்த கடலை மாவு (சில கடைகளில் பொட்டுக்கடலைப் பொடி), புளித்தண்ணீர், வெங்காயமும் பூண்டும் பொரித்த எண்ணெய், நொறுக்கிய பேஜோ.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. புளித்தண்ணீர் மட்டும் ஊற்றினால் அது கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். கடலை மாவு அந்தப் புளிப்பை உறிஞ்சி, நூடுல்ஸ் இழைகளின்மேல் பூச்சாகப் பிடிக்க வைக்கிறது. பூண்டு எண்ணெய் வாசனையைச் சுமக்கிறது. முட்டைக்கோஸும் பேஜோவும் கடிக்கும்போது நறுக்கென்ற உணர்வைத் தருகின்றன. கையால் அழுத்திப் பிசையும்போது முட்டைக்கோஸ் சற்றே துவண்டு உப்பையும் புளியையும் ஏற்றுக்கொள்கிறது. கரண்டியால் கிளறினால் இது நடக்காது. நம் வீடுகளில் பழைய சோற்றையும் தயிர்ச் சோற்றையும் கையால் பிசைவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இதற்கும்.

பிசைந்தவுடன் சாப்பிட வேண்டும். பத்து நிமிடம் வைத்தால் பேஜோ நமத்துப் போகும். பார்சல் வாங்குபவர்களுக்குப் பேஜோவைத் தனியாகக் கட்டிக் கொடுக்கச் சொல்லலாம்.

கடையில் சாப்பிடும் முறை

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பெரும்பாலான வண்டிகள் மாலை 5 மணிக்குமேல் தொடங்கி, சரக்குத் தீரும்வரை நடக்கும். நாற்காலி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நின்றுகொண்டே சாப்பிடுவதே வழக்கம். உணவுப் பட்டியல் வண்டியின் முகப்பிலேயே எழுதியிருக்கும்.

"அண்ணே, ஒரு முட்டை அத்தோ, காரம் கம்மியா" என்று சொன்னால் போதும். "புளிப்பு தூக்கலா போடவா தம்பி?" என்று அவர் கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமைதான் அத்தோ கடையின் சிறப்பு. ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகப் பிசையப்படுவதால், உப்பு, புளிப்பு, காரம், வெங்காயம் எல்லாவற்றையும் நம் விருப்பப்படி கேட்டு வாங்கலாம். பிசையும்போதே கேட்க வேண்டும். தட்டுக்கு வந்தபின் மாற்றுவது கடினம்.

சூப்பை முதலிலேயே குடித்து முடிக்காமல், இரண்டு வாய் அத்தோவுக்கு ஒரு வாய் சூப் என்று சாப்பிட்டால் புளிப்பும் காரமும் சமநிலைப்படும். பல கடைகளில் சூப் தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள். அதற்குத் தனியே காசு வாங்குவதில்லை. கூட்டம் இருக்கும்போது சாப்பிட்டு முடித்தவுடன் இடம் விட்டு நகர்வது மரியாதை.

ஜப்பானிலும் இதே கதை

அத்தோ கடையை விளங்கிக்கொள்ள ஜப்பானின் ராமென் கடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். ராமென் இன்று ஜப்பானின் தேசிய உணவுபோல் உலகெங்கும் அறியப்படுகிறது. ஆனால் அதுவும் வெளியிலிருந்து வந்ததே. யோகொஹாமா போன்ற துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்கள் விற்ற நூடுல்ஸே அதன் மூலம். பெயரும் பெரும்பாலும் 'லாமியன்' என்ற சீனச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அதன் பொருள் 'இழுத்த நூடுல்ஸ்'. பர்மிய மொழியின் 'மடித்து இழுத்தது' என்ற பெயரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1910இல் டோக்கியோவின் அசாகுசா பகுதியில் திறக்கப்பட்ட 'ராய்ராய்கென்' என்ற கடை, ராமெனைப் பரவலாக்கிய தொடக்கக் கடைகளில் ஒன்று.

1945இல் ஜப்பான் போரில் தோற்றபின், மஞ்சூரியா, சீனா, கொரியா, தைவான் முதலிய இடங்களிலிருந்து லட்சக்கணக்கான ஜப்பானியர் வெறுங்கையோடு நாடு திரும்பினார்கள். நாட்டில் அரிசிப் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து கோதுமை மாவு வந்தது. திரும்பியவர்களில் பலர் சீனாவில் கற்ற நூடுல்ஸையும் கொழுக்கட்டை போன்ற 'கியோசா'வையும் தள்ளுவண்டிகளில் விற்றுப் பிழைத்தார்கள். அந்த வண்டிக்கு ஜப்பானிய மொழியில் 'யாதாய்' என்று பெயர். ரங்கூன்மீது குண்டு வீசிய நாட்டின் மக்களும், அந்தக் குண்டுக்குத் தப்பி ஓடிய மக்களும், சில ஆண்டுகள் முன்பின்னாக, ஒரே வகையான வண்டியில் ஒரே வகையான உணவை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இன்று ஜப்பானின் தெருமுனை ராமென் கடை ஒரு சிறிய அறை. வாசலில் துணித்திரை தொங்கும். பல கடைகளில் நுழைந்தவுடன் ஓர் இயந்திரத்தில் காசு போட்டு, வேண்டிய உணவுக்கான சீட்டை எடுக்க வேண்டும். சமையல்காரருக்கு எதிரே நீண்ட மேடை. அதன்முன் ஆளுக்கொரு இருக்கை. நூடுல்ஸைச் சத்தம் வர உறிஞ்சிச் சாப்பிடுவது அங்கே குற்றமல்ல. சூடான இழை காற்றோடு சேர்ந்து உள்ளே போவதால் நாக்கு சுடாது, மணமும் தெரியும். எழுந்து போகும்போது 'கொச்சிசோசமா' என்று நன்றி சொல்வது வழக்கம். ரயில் நிலையங்களில் நின்றுகொண்டே சாப்பிடும் சோபா, ஊடோன் நூடுல்ஸ் கடைகளும் உண்டு. ரயிலுக்குப் போகும் அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடுபவர்கள், நம் கடற்கரை ரயில் நிலையத்துக்கு வெளியே அத்தோ சாப்பிடுபவர்களை நினைவூட்டுவார்கள்.

ஒரு வேறுபாடும் உண்டு. ஜப்பானில் ராமெனுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது. 1994இல் யோகொஹாமாவில் திறக்கப்பட்டது. ஊருக்கு ஊர் ராமெனின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அத்தோவின் வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் அதை விற்கும் குடும்பங்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

தாம்பரமும் தென் புறநகரும்

கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை உள்ள ரயில் பாதை சுமார் 29 கிலோமீட்டர். 1931இலேயே இதில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அத்தோ பிறந்த இடமும் தாம்பரமும் ஒரே தண்டவாளத்தின் இரு முனைகள். பாரிமுனையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் புறநகருக்குத் திரும்பியவர்கள் இந்தச் சுவையை நெடுங்காலமாக அறிவார்கள்.

தாம்பரம் கல்லூரிகளின் ஊர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் இங்கு வந்தது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. 1949 முதல் இயங்குகிறது. பிறகு பல கல்லூரிகள் வந்தன. வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கணினி நிறுவனங்கள் வந்தன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், தனியே தங்கி வேலை செய்பவர்கள் பெருகிய இடத்தில் மாலை நேரத் தள்ளுவண்டிக்கு வாடிக்கையாளர் பஞ்சமில்லை. அத்தோ இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆனால் பரவும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, பிசைபவர்கள் எல்லோரும் பர்மாத் தமிழர் அல்லர். தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மற்றவர்களும் கடை வைக்கிறார்கள். இதில் தவறில்லை. ஓர் உணவு ஊர் உணவாவது இப்படித்தான். இரண்டாவது, வண்டியில் ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியனுக்கு நடுவே அத்தோவும் ஒரு வரியாகச் சேரும்போது, அது எங்கிருந்து வந்தது என்ற செய்தி உதிர்ந்துவிடுகிறது. 1964இல் பத்து வயதில் கப்பலில் வந்தவருக்கு இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அந்தத் தலைமுறையோடு ரங்கூன் தெருக்களின் நினைவும், கப்பல் பயணத்தின் நினைவும் போய்விடும். உணவு இருக்கும், அதைக் கொண்டுவந்தவர்களின் பெயர் இருக்காது.

தூய்மையும் உரிமையும்

தெருவோர உணவைப் பற்றிப் பெற்றோருக்குக் கவலை இருப்பது இயல்பு. அத்தோவில் பச்சைக் காய்கறியும் கையால் பிசைதலும் இருப்பதால் கூடுதல் கவனம் தேவை. பிசைபவர் கையுறை அணிகிறாரா, காசு வாங்கும் கையும் பிசையும் கையும் வேறு வேறா, முட்டைக்கோஸ் மூடி வைக்கப்பட்டிருக்கிறதா, சூப் கொதித்துக்கொண்டே இருக்கிறதா, பொரிக்கும் எண்ணெய் கறுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். நூடுல்ஸின் நிறம் கண்ணைப் பறிக்கும் அளவுக்குச் சிவந்திருந்தால் வண்ணப்பொடி அதிகம் என்று பொருள். நிறத்தால் சுவை கூடுவதில்லை.

சுவைக்காகச் சேர்க்கப்படும் 'அஜினோமோட்டோ' ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். 1908இல் வேதியியல் பேராசிரியர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து இந்தச் சுவையைக் கண்டறிந்தார். நல்ல புளியும் பூண்டு எண்ணெயும் வாழைத்தண்டுச் சாறும் இருக்கும் அத்தோவுக்கு இது கட்டாயமில்லை. வேண்டாமென்றால் போடவேண்டாம் என்று சொல்லலாம்.

உணவு விற்கும் சிறு வண்டிக்காரரும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அதேபோல் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க 2014இல் ஒரு மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வியாபாரிகளைக் கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, விற்பனைக்கு இடம் ஒதுக்க வேண்டும். சாலை அகலப்படுத்தும்போதும் நடைபாதை அமைக்கும்போதும் வண்டிகள் அகற்றப்படுவதைப் புறநகரில் அடிக்கடி காண்கிறோம். நடப்பவர்களுக்கு நடைபாதை வேண்டும் என்பது நியாயம். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பத்துக்கு மாற்றிடம் காட்டாமல் வண்டியை அகற்றக்கூடாது என்பதும் நியாயமே.

மாணவர்கள் செய்யக்கூடியது

வரலாறு என்பது மன்னர்களும் போர்களும் மட்டும் அல்ல. உங்கள் தெருமுனை அத்தோ வண்டியும் ஒரு வரலாற்றுச் சான்று. செயல்திட்டக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், கூட்டமில்லாத நேரத்தில், அனுமதி கேட்டு, கடைக்காரரிடம் சில கேள்விகள் கேட்கலாம். உங்கள் குடும்பத்தில் யார் பர்மாவிலிருந்து வந்தார்கள்? எந்த ஊரில் இருந்தார்கள்? எந்த ஆண்டு, எப்படி வந்தார்கள்? என்ன கொண்டுவர முடிந்தது? அத்தோ பிசைய யாரிடம் கற்றீர்கள்? வீட்டில் யாருக்காவது பர்மிய மொழி தெரியுமா? அவர் பர்மாத் தமிழர் இல்லையென்றால், அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்; சங்கிலியின் அடுத்த கண்ணி கிடைக்கும். பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். அவர்கள் விரும்பினால் மட்டும் பெயரையும் படத்தையும் வெளியிடுங்கள்.

கேட்டதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். ரங்கூன், மாந்தலே, மோல்மேன் போன்ற ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் குறியுங்கள். பள்ளி நூலகத்தில் ஒரு படி கொடுத்து வைத்தால் பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும். அதுவரை, நண்பர்களோடு வண்டிமுன் நிற்கும்போது யாராவது இதைச் 'சைனீஸ்' என்று சொன்னால், இது பர்மாத் தமிழரின் உணவு என்று எடுத்துச் சொல்லுங்கள்.